வானிலைப் பெட்டியில் இன்னொரு வரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வானிலைப் பெட்டியில் வெப்பநிலையும் மழை அளவும் தினமும் வருகின்றன. அதன் கீழே 'நேற்றைய ஈ.டி. இத்தனை மி.மீ.' என்று ஒரு வரி சேர்த்தால், கிணற்றையும் போர்வெல்லையும் நம்பி வெள்ளாமை செய்பவர்களுக்குப் பெரிய உபகாரமாக இருக்கும்.

ஈ.டி. என்பது மண்ணிலிருந்து ஆவியாவதும் இலைவழியே போவதும் சேர்ந்த நீர்ச்செலவு. வெயில், வெப்பம், காற்றின் ஈரம், காற்றின் வேகம் நான்கையும் வைத்துப் பென்மன்-மான்டீத் சூத்திரத்தில் கணக்கிடுகிறார்கள். 12 செ.மீ. உயரத்தில், தண்ணீர்க் குறையில்லாமல் வளரும் புல்தரை ஒரு நாளில் குடிக்கும் அளவுதான் அந்த எண். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1998இல் இதை முறைப்படுத்தி, ஒவ்வொரு பயிருக்கும் ஒரு பெருக்கெண்ணும் கொடுத்திருக்கிறது; ஈ.டி.யை அதால் பெருக்கினால் அந்தப் பயிரின் தேவை. மக்காச்சோளத்துக்கு முளைத்த புதிதில் 0.3, கதிர் பிடிக்கையில் 1.2, தட்டை காயும்போது 0.35. முழு வளர்ச்சியில் நிலக்கடலைக்கு 1.15, கரும்புக்கு 1.25.

உடுமலைப் பக்கத்து மக்காச்சோளக் காட்டையே எடுத்துக்கொள்வோம். சொட்டுநீர்ப் பாசனம்; லேட்டரல் எனும் பக்கக் குழாய் 4 அடிக்கு (1.2 மீ.) ஒன்று, அதில் 40 செ.மீ.க்கு ஒரு டிரிப்பர் (சொட்டுவாய்), மணிக்கு 4 லிட்டர். இது மணிக்கு 8.3 மி.மீ. மழைக்குச் சமம். ஈ.டி. 5 என்றால் கதிர்ப் பருவத்தில் தேவை 6 மி.மீ. சொட்டுநீரின் திறன் 90 சதம் என்பதால் 6.7 மி.மீ. விட வேண்டும், ஏக்கருக்குச் சுமார் 27,000 லிட்டர். 48 நிமிடம் போதும். அதே காடு முளைவிட்ட பருவத்தில் இருந்தால் 12 நிமிடம். ஒரு ஏக்கர் முழுவதற்கும் ஒரே நேரத்தில் விட மணிக்கு 33,700 லிட்டர் வேண்டும். அத்தனை தண்ணீர் எல்லா போரிலும் ஏறாது; அதனால் வால்வு வாரியாகப் பிரித்துத்தான் விட வேண்டும்.

நடப்பு வேறு. மும்முனை கரண்ட் வந்ததும் ஆட்டோ ஸ்டார்ட்டர் மோட்டாரை ஓட்டிவிடுகிறது, கரண்ட் போனால் மோட்டார் நிற்கிறது. பயிர் கேட்டது எவ்வளவு என்பது இதில் எங்குமே வரவில்லை. கரண்டுக்குக் காசில்லை என்பதால் தண்ணீருக்கும் கணக்கில்லை. சொட்டுநீரில் கலந்து விட்ட யூரியா வேருக்குக் கீழே இறங்கிப் போவதுதான் மிச்சம்.

இதற்கு நேர் எதிரான தவறு ஆடியில் நடக்கிறது. வானம் மூடியிருக்கிறது, வெயில் இல்லை என்று தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவது மழையை மலைக்கு அந்தப் பக்கமே இறக்கிவிட்டு வரும் காற்று. வெயில் இல்லாததால் மிச்சமாவதில் பெரும்பகுதியை அது உறிஞ்சிவிடும். மத்தியானம் இலை சுருண்டு நிற்பதைப் பார்த்துப் பூச்சியோ நோயோ என்று மருந்துக்கடைக்கு ஓடுவதும் உண்டு. மேகத்தை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது; காற்றும் சேர்ந்த எண்ணில்தான் தெரியும்.

கணக்கை நம்புவதற்கு முன் டிரிப்பரைச் சோதித்துவிடுவது நல்லது. லேட்டரலின் தலை, நடு, கடைசி என மூன்று இடத்தில் டம்ளரை வைத்து 6 நிமிடம் பிடித்தால் ஒவ்வொன்றிலும் 400 மி.லி. இருக்க வேண்டும். கடைசியில் 280தான் என்றால் அங்கே 48 நிமிடம் ஓட்டினாலும் 34 நிமிடத் தண்ணீர்தான் போகிறது. நேரத்தைக் கூட்டினால் தலைப்பக்கம் சேறாகும். உப்புத் தண்ணீர்ப் போர்களில் அடைப்பு சீக்கிரம் வரும். பில்டரைக் கழுவி, லேட்டரல் கடைசி மூடியைத் திறந்து அழுக்கை வெளியேற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

வாய்க்கால் பாசனக்காரர்களுக்கும் இது பயன்படும். அவர்கள் தினமும் விட வேண்டியதில்லை. அன்றன்றைய தேவையைக் கூட்டிக்கொண்டே வந்தால் போதும். அரை மீட்டர் வேர் ஆழத்துக்குச் செம்மண் காடு சுமார் 60 மி.மீ. பிடித்துவைக்கும். பாதி, அதாவது 30 தீர்ந்ததும் மடை திறக்கலாம். நாளுக்கு 6 என்றால் ஐந்து நாள். கரிசலில் இன்னும் இரண்டு மூன்று நாள் தாங்கும். இடையில் பெய்த மழையைக் கழித்துக்கொள்ளலாம், ஒன்றிரண்டு மி.மீ. தூறல் இலையிலேயே காய்ந்துவிடும், அதைக் கணக்கில் எடுக்கக்கூடாது.

வெளியிடும் முன் உங்கள் செய்தியாளர் மூன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எண் சூத்திரத்தில் வந்ததா, ஆவிமானித் தட்டில் (திறந்த தட்டில் தண்ணீர் எவ்வளவு ஆவியாகிறது என்று) அளந்ததா? தட்டின் அளவை 0.7 வாக்கில் பெருக்கினால்தான் ஈ.டி. கிடைக்கும், பெருக்காமல் அச்சிட்டால் நூற்றுக்கு நாற்பது பங்கு கூடுதலாகத் தண்ணீர் போகும். காற்றுமானி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் வேகத்தை 0.75ஆல் பெருக்கி 2 மீட்டருக்குக் கொண்டுவந்தார்களா? நிலையம் இருப்பது பயிர் நடுவிலா, கட்டடத்து மொட்டைமாடியிலா? சுடும் காரையின் மேல் அளந்தால் எண் எப்போதும் ஏறியே நிற்கும்.

இடம் அதிகம் வேண்டாம். ஊர் பெயர், நேற்றைய ஈ.டி., ஏழு நாள் ஈ.டி.யின் கூட்டுத்தொகை, ஏழு நாள் மழை என்று நான்கு கட்டம் போதும். ஒரு நாள் எண்ணைவிட ஏழு நாள் கூட்டுத்தொகைதான் காட்டில் உதவும். ஒருநாள் பத்திரிகை வராவிட்டாலும் கணக்கு அறுந்துபோகாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உடுமலைப்பேட்டை வட்டாரம்