ரெட்வுட் காட்டுக்குப் போகும் மகளுக்கு

அன்பு மகள் நிலாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் கலிஃபோர்னியாவில் உள்ள ரெட்வுட் மரக் காட்டில் நடக்கப் போகிறோம், எந்த மேப் வாங்கலாம் என்று கேட்டாய். சர்வே வேலையிலேயே காலம் கழித்தவனுக்கு அதைப் போனில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை.

அங்குள்ள தேசியப் பூங்காவில் இலவசமாகத் தரும் மடிப்புத்தாள் மேப் காரில் சுற்றப் போதும். நடப்பதற்குச் சம உயரக் கோடு, அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு போட்ட மேப்தான் வேண்டும். அங்கே மலை நேராகக் கடலில் வந்து இறங்குகிறது. டாம்னேஷன் க்ரீக் பாதையைப் பார். போக இரண்டு மைல்தான், மடிப்புத்தாளில் விரல்நகம் அளவுகூட இருக்காது. கோடு போட்ட மேப்பில் அதே இடத்தில் கோடுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும், நெருக்கம் என்றால் செங்குத்து என்று அர்த்தம். பெரும்பாலும் 40 அடி உயரத்துக்கு ஒரு கோடு. ஐந்தாவது கோடு தடிமனாக இருக்கும், அது 200 அடிக் கணக்கு. தடிமன் கோட்டை மட்டும் எண்ணு, ஐந்து வந்தால் ஆயிரம் அடி. இந்தப் பாதையில் இறங்குவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். போகும்போது இறக்கம், களைத்துத் திரும்பும்போது ஏற்றம். மாப்பிள்ளைக்கு முழங்கால் வலி இருக்கிறது, முதலில் இதை எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

யூ.எஸ்.ஜி.எஸ். என்ற அமெரிக்க அரசின் புவியியல் ஆய்வுத் துறை போடும் மேப் தாள்களை இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். அளவு 1:24,000, அதாவது தாளில் ஒரு அங்குலம் தரையில் 2,000 அடி. அதைவிடத் தெளிவான அளவு உனக்குத் தேவையில்லை. ஆனால் பழைய தாள்களை மட்டும் நம்பிப் போகாதே. அவை விமானப் படங்களைப் பார்த்து வரைந்தவை. 300 அடிக்கு மேல் வளர்ந்த மரங்கள் கூரை போட்ட காட்டில் படத்துக்குத் தெரிவது மர உச்சிதான், தரையை வரைந்தவர் ஊகிக்கத்தான் வேண்டும். சின்ன ஓடைகளும் பள்ளங்களும் அதில் தவறிப்போகும். விமானத்திலிருந்து விடும் லேசர் கதிர் இலை இடுக்கு வழியாகத் தரையைத் தொட்டுத் திரும்புவதால், லைடார் என்ற அந்த லேசர் அளவையிலிருந்து வரைந்த புது மேப்களில் கோடுகள் சரியாக விழுகின்றன. வாங்கும் முன் மேப்பின் ஓரத்தில் ஆண்டையும் கோட்டு இடைவெளியையும் படி. பாதையில் பிரிவுக்குப் பிரிவு மைல் எழுதியிருக்கிறதா என்றும் பார். இது இல்லாத மேப்பை நான் வாங்க மாட்டேன்.

நேஷனல் ஜியாக்ரஃபிக் போடும் ட்ரெயில்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் மேப் நனையாது, கிழியாது. அங்கே கோடையிலும் கடல் மூடுபனி மரத்திலிருந்து சொட்டும், சாதாரணக் காகிதம் ஊறிவிடும். முழுப் பயணத்தையும் திட்டமிட அதை வாங்கு. இறங்கி நடக்கும் பகுதிக்கு மட்டும் 1:24,000 தாளை அச்செடுத்து, உறையில் போட்டு வைத்துக்கொள். போனிலும் மேப் இருக்கட்டும், ஆனால் அந்த மரங்களுக்கு அடியில் ஜி.பி.எஸ். புள்ளி தடுமாறும், சிக்னலும் பல இடங்களில் கிடைக்காது.

கடலோரப் பாதைக்கு மேப்போடு கடல் ஏற்ற, வற்ற அட்டவணையும் கையில் வேண்டும். கடல் ஏறினால் சில மணல் துண்டுகளில் நிற்கவே இடம் இராது, ஒரு பக்கம் செங்குத்துப் பாறை. வற்றும் நேரத்தில் கிளம்பி, ஏறும் முன் தாண்டிவிடுங்கள்.

மழையில் சரிந்து மூடிய பாதையும் கழற்றி வைத்த பாலமும் எந்த மேப்பிலும் வராது. கிரசெண்ட் சிட்டியில் உள்ள பூங்கா அலுவலகத்தில் மேப்பை விரித்துக் காட்டிக் கேள். மூடியதைப் பென்சிலால் அடித்துவிட்டு, திரும்பும் நேரத்தை யாரிடமாவது சொல்லிவிட்டு நடங்கள்.

அன்புடன்,
அப்பா