ரயில் பெட்டியின் வயதைக் கேட்காதீர்கள், அடிச்சட்டத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ரயில் பெட்டிகளைப் பற்றிய செய்தி எந்த நாட்டிலிருந்து வந்தாலும், பெட்டி கட்டப்பட்ட ஆண்டைத்தான் முதல் வரியில் போடுகிறார்கள். "நாற்பது வருஷத்துப் பெட்டி இன்னும் ஓடுகிறது" என்று எழுதியதுமே குற்றம் நிரூபணமாகிவிட்ட தொனி வந்துவிடுகிறது. மாடி வைத்த டபுள் டெக்கர் பெட்டிகளுக்கு இந்த அளவுகோல் சுத்தமாகப் பொருந்தாது. உடல் எந்த உலோகம், தண்ணீர் எங்கே தேங்குகிறது, தரையைப் பிரித்துப் பார்த்துக் கடைசியாக எத்தனை வருடம் ஆகிறது என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரியாமல் ஒரு பெட்டியைப் பழசு என்று சொல்வதில் அர்த்தமில்லை.

உலகத்தில் அதிக காலம் உழைத்த மாடிப் பெட்டிகள் சில அமெரிக்காவில் இருக்கின்றன. சிகாகோ புறநகர் தடத்தில் பர்லிங்டன் ரயில்வே 1950-ல் இறக்கிய கேலரி பெட்டிகளைக் கட்டியது பட் நிறுவனம். மாடியின் நடுப்பகுதி திறந்தே இருக்கும். டிக்கெட் பரிசோதகர் கீழ்த்தளத்தில் நடந்தபடியே மாடியில் உட்கார்ந்திருப்பவரின் டிக்கெட்டையும் வாங்கிப் பார்த்துவிடலாம். 1950-களில் கட்டிய இந்த வகைப் பெட்டிகள் சில 60 ஆண்டுகளைத் தாண்டியும் அன்றாடம் ஆட்களை ஏற்றி இறக்கின. சான்டா ஃபே ரயில்வேக்காக 1956-ல் கட்டிய ஹை-லெவல் லவுஞ்ச் பெட்டிகளில் ஐந்து, அமெரிக்காவின் தேசியப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் கோஸ்ட் ஸ்டார்லைட் ரயிலில் 2018 பிப்ரவரி வரை ஓடின. அப்போது அவற்றுக்கு வயது 62. அந்த ஹை-லெவல் அமைப்பைப் பார்த்துப் புல்மன்-ஸ்டாண்டர்டு கட்டிய 284 சூப்பர்லைனர் பெட்டிகள் 1979-ல் ஓடத் தொடங்கின. விபத்தில் அழிந்தவை போக மற்றவைதான் இன்றும் அந்நாட்டு நெடுந்தூர ரயில்களின் முதுகெலும்பு. சிட்னியின் எஸ்-செட் டபுள் டெக்கர்கள் 1972-லிருந்து 2019 வரை ஓடின.

இவை எல்லாமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உடல் கொண்டவை. எதிர்ப்பக்கத்தில் ஒரே ஒரு உதாரணம். ஆம்ட்ராக்கின் ஹொரைசன் பெட்டிகள் மாடி இல்லாதவை, அலுமினிய உடல், 1988-லிருந்து கட்டியவை. 2025 மார்ச்சில் அரிப்பு கண்டுபிடிக்கப்பட்டு சுமார் 70 பெட்டிகளையும் ஒரே மூச்சில் தடத்திலிருந்து எடுத்தார்கள். அவற்றைவிடப் பத்து வயது மூத்த சூப்பர்லைனர்கள் ஓடிக்கொண்டிருந்தன. இதை வைத்து அலுமினியமே ஆகாது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. கனடாவின் டொராண்டோ புறநகர் ரயில் சேவையான கோ டிரான்சிட் 1978-ல் இறக்கிய பைலெவல் என்ற மாடிப் பெட்டியின் வெளித்தகடு அலுமினியம்தான். நீளம் 25.9 மீட்டர், உயரம் 4.85 மீட்டர், 162 இருக்கை வரை போடலாம். அந்த வடிவமைப்பு பல முறை புதுப்பிக்கப்பட்டு வட அமெரிக்கா முழுக்கப் பரவியிருக்கிறது. அலுமினியம் இரும்பைத் தொடும் இடத்தில் இடையில் காப்பு வைத்தார்களா, அந்தக் காப்பு இன்னும் இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. காப்பு கிழிந்து ஈரமும் சேர்ந்தால் இரண்டு உலோகத்துக்கும் நடுவே மின்வேதி அரிப்பு தொடங்கும். அதில் கரைவது அலுமினியம். வெளியே பெயின்ட் நன்றாகவே தெரியும், உள்ளே தகடு தூளாகியிருக்கும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் ஒரு பொறி உண்டு. பட் நிறுவனம் பயன்படுத்தியது 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் கலந்த எஃகு. சூடாக்காமல் உருளைகளுக்கு இடையே அழுத்தி அதற்கு வலு ஏற்றுவார்கள். அதை நெடுநேரம் சூடாக்கினால் ஏற்றிய வலு இறங்கிவிடும். குரோமியம் கார்பைடாகப் பிரிந்து துரு எதிர்ப்பும் போய்விடும். அதனால்தான் அந்நிறுவனம் ஒரு நொடியின் சிறு பகுதி நேரம் மட்டும் மின்சாரம் பாய்ச்சிப் புள்ளி புள்ளியாக ஒட்டும் ஷாட்வெல்ட் முறையை உருவாக்கியது. இது தெரியாத பணிமனையில் சாதாரண ஆர்க் வெல்டிங்கில் ஒட்டுத்தகடு போட்டால், ஆறு மாதம் நன்றாக இருக்கும். பிறகு அந்த ஒட்டின் ஓரத்திலேயே புது விரிசல் ஓடும். பழைய பெட்டியில் விரிசல் என்று செய்தி வரும்போது, அது முதலில் கட்டியபோது விட்ட குறையா, பிற்பாடு பழுது பார்த்தவர் வைத்த சூடா என்று கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். "முழுக்க ஸ்டெயின்லெஸ்" என்று பெயர் வாங்கிய பட் பெட்டிகளிலும், பெட்டியைப் பெட்டியோடு கோக்கும் இணைப்பி மாட்டும் இரு முனைகளின் அடிச்சட்டம் அந்த உலோகத்தில் இல்லை. குறைந்த கலப்பு எஃகுதான். இழுவையும் தள்ளுதலும் வந்து விழுகிற அதே இடம்தான் துருப்பிடிக்கவும் செய்கிறது. பெட்டியின் பக்கவாட்டுப் பளபளப்பைப் படம் எடுத்துப் போடுவதால் ஒன்றும் தெரியாது. முனைச்சட்டத்துக்கு அடியில் படுத்து, சுத்தியலால் தட்டி, தகட்டின் கனத்தை அல்ட்ராசோனிக் மீட்டரில் அளந்தால்தான் தெரியும்.

மாடிப் பெட்டிக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். ஒற்றைத் தளப் பெட்டியில் அடிச்சட்டம் முனையிலிருந்து முனைக்கு நேர்கோட்டில் போகும். பைலெவல், சூப்பர்லைனர் போன்றவற்றில் கீழ்த்தளம் முன்னும் பின்னும் உள்ள இரண்டு சக்கரச் சட்டங்களுக்கு (போகி) நடுவே பள்ளமாக இறங்குகிறது. இணைப்பியில் விழும் இழுவை அந்த வளைவில் கீழே இறங்கி, பள்ளத்தின் வழியே போய், மறுபடி மேலே ஏற வேண்டும். இறங்கும் மூலை நான்கும்தான் திரும்பத் திரும்ப விழும் இழுவையால் வரும் களைப்பு விரிசலுக்குப் பிறப்பிடம். ஈடாக மாடிப் பெட்டிக்கு ஒரு சாதகமும் உண்டு: உயரமான பக்கச்சுவரும் நடுவே கிடக்கும் மாடித்தளமும் சேர்ந்து ஆழமான உத்திரம்போல வேலை செய்வதால் பெட்டி தொய்வது குறைவு. ஆனால் அதே சுவரில் இரண்டு வரிசை ஜன்னல் வெட்டுகிறோம். ஜன்னல் மூலைகளை வட்டமாக வெட்டுவது இதற்காகத்தான். சிகாகோ கேலரி பெட்டிகளில் இந்தப் பள்ளமே இல்லை, தளம் ஒரே மட்டம். அவை நீண்ட நாள் நிலைத்ததற்கு இந்த எளிமைக்கும் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

பள்ளத் தளம் தாம்பாளம்போலத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மழைநாள் செருப்பு ஈரம் படிக்கட்டு வழியாக இறங்குகிறது. ஏசியின் சொட்டுத் தட்டு நிரம்பி வழிகிறது. கழிவறைக் குழாயின் மூட்டு கசிகிறது. ஜன்னல் ரப்பர் காய்ந்து சுவருக்குள் நீர் இறங்குகிறது. இத்தனையும் கடைசியில் வந்து சேர்வது கீழ்த்தளத் தகட்டுக்கும் தரைப் பலகைக்கும் நடுவில். அங்கே வடிகால் துளைகள் வைத்திருப்பார்கள். தூசியும் நூலும் அடைத்துவிடும். தரைக்குப் போடும் பிளைவுட் ஊறிப் பஞ்சாகும்போது பயணியின் காலுக்கு மெத்தென்று தெரியும். அந்த நிலைக்கு வருவதற்குப் பல ஆண்டு முன்பே அடியில் துரு தொடங்கியிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வடிகால் துளைகளில் கம்பி விட்டுக் குத்தி, ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அடியில் ஒழுகுகிறதா என்று பார்ப்பது கால் மணி நேர வேலை. இதைச் செய்யாமல் விட்டால் பத்து வருடம் கழித்து முழுத் தரையையும் மாற்றுவது பல மாத வேலை.

சக்கரம், பிரேக் விஷயத்தில் வயது ஒரு பொருட்டே இல்லை, ஏனென்றால் அவை எப்படியும் மாறிக்கொண்டே இருக்கின்றன. அமெரிக்க விதிப்படி 26-சி வகை பிரேக் வால்வை 1,476 நாளுக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து சோதிக்க வேண்டும். ரப்பர் ஹோஸ், ஏர் ஸ்பிரிங் போன்றவை ஓடாமல் ஷெட்டில் நின்றாலும் கெடும். அவற்றை கிலோமீட்டர் கணக்கில் மட்டும் மாற்றுவது தப்பு, நாள் கணக்கும் வேண்டும். மாடிப் பெட்டியில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது சுமை வித்தியாசம். நின்றும் உட்கார்ந்தும் 300 பேர் ஏறினால், தலைக்கு 70 கிலோ வைத்தாலும் 21 டன். சுமைக்கேற்ப ஏர் ஸ்பிரிங்கில் காற்றைக் கூட்டிக் குறைத்து மட்டம் பார்க்கும் வால்வின் கம்பி இணைப்பு தேய்ந்திருந்தால் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும், பிளாட்பாரத்துக்கும் வாசலுக்கும் உயரம் ஒத்துவராது. உயரமான உடல் ஆடாமல் பிடித்துக்கொள்ளும் எதிர்சாய்வுக் கம்பியின் புஷ் தேய்ந்தால் மாடியில் இருப்பவருக்குத்தான் முதலில் தெரியும். கீழ்த்தளத்தில் பரிசோதித்தவர் எல்லாம் சரி என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்.

கீழே இடமில்லாததால் ஏசி, மின்மாற்றி, பேட்டரி எல்லாம் சக்கரச் சட்டத்துக்கு மேலுள்ள முனைப்பகுதியிலும் கூரையிலும் திணிக்கப்படுகின்றன. காற்றோட்டம் குறைவு, கை நுழைய இடம் குறைவு. கண்டன்சரின் துடுப்புகளில் தூசி படிந்தால் கோடையில் மாடி முதலில் வேகும், ஏனென்றால் வெப்பம் மேலே ஏறுகிறது, கூரையும் வெயிலில் காய்கிறது. ஆனாலும் இவை பெட்டியின் ஆயுளை முடிப்பதில்லை. கழற்றி மாற்றக்கூடியவை அவை. மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகைகள் 15, 20 வருடத்தில் சந்தையிலிருந்தே மறைந்துவிடும். அவற்றைப் பெட்டியின் உடலோடு பின்னிப் பிணையாமல் தனிப் பெட்டகமாக வைத்திருந்தால் மாற்றுவது சுலபம். என்ஜினால் இழுக்கப்படும் பெட்டிகள், மோட்டார் தங்களுக்குள்ளேயே வைத்த பெட்டிகளைவிடப் பொதுவாக அதிக நாள் தாக்குப்பிடிப்பதற்கு இதுவே காரணம். பழசாக அவற்றுக்குள் இருக்கும் சாமான் குறைவு.

உடல் உறுதியாக இருந்தும் பெட்டிகள் விடைபெறுவது உண்டு. ஜப்பானின் இ4 ஷின்கான்சென் என்ற மாடி வைத்த அதிவேக ரயில் 1997-ல் வந்தது. எட்டுப் பெட்டியில் 817 இருக்கை. இரண்டு தொடர்களைச் சேர்த்தால் 1,634. அதிவேக ரயில்களில் அவ்வளவு பேரை ஏற்றியது வேறு இல்லை. 2021 அக்டோபரில் ஓய்வு பெற்றது, 24 வருடம்தான். உச்ச வேகம் 240 கிலோமீட்டர். அது ஓடிய தடம் 275-க்குத் தயாராகிக்கொண்டிருந்தது. படிக்கட்டால் ஏறி இறங்குவதும் தாமதம். சிட்னி எஸ்-செட் போனதற்கு ஏசி இல்லாதது முக்கியக் காரணம். சக்கர நாற்காலியோடு ஏற வழியில்லாத பெட்டியை, உடல் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், எத்தனை நாள் நியாயப்படுத்த முடியும் என்பதும் நேர்மையான கேள்வி. அந்தக் காரணத்துக்காகக் கழித்தால் அப்படியே சொல்லட்டும். "பாதுகாப்பற்ற பழைய பெட்டி" என்று சொல்ல வேண்டாம்.

கழித்த பெட்டி இன்னொரு ஊரில் ஓடுவதையும் கேவலமாகப் பார்க்கத் தேவையில்லை. கலிபோர்னியாவின் கால்ட்ரெய்ன் 2024 செப்டம்பரில் மின்மயத்துக்கு மாறியபோது, 1985 முதல் ஓடிய நிப்பான் ஷார்யோ கேலரி பெட்டிகளுக்கு அங்கே வேலை முடிந்தது. 19 என்ஜின்களும் 90 பெட்டிகளும் பெருவின் லிமா நகருக்கு விற்கப்பட்டன.

இப்படிப் பழைய மாடிப் பெட்டி வாங்குவதாகச் செய்தி வந்தால் நிருபர்கள் கேட்க வேண்டியவை இவை. ஒவ்வொரு பெட்டியிலும் தரையைத் திறந்து பார்த்தார்களா, இல்லை மாதிரிக்கு இரண்டை மட்டுமா? பள்ளம் இறங்கும் நான்கு மூலையிலும் பெயின்டைச் சுரண்டிவிட்டுச் கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காட்டும் சாயம் ஊடுருவும் சோதனை செய்தார்களா? பெயின்டுக்கு மேலேயே செய்த சோதனை செல்லாது. முனைச்சட்டத் தகட்டின் கனம் வரைபடத்தில் உள்ளதிலிருந்து எவ்வளவு குறைந்திருக்கிறது? சுவருக்குள் இருக்கும் பழைய காப்புப் பொருளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டா? ஏசியில் இருப்பது ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் கைவிடப்பட்டுவரும் ஆர்-22 வாயு என்றால் மாற்றும் செலவு கணக்கில் சேர்ந்திருக்கிறதா? ஓட்டப்போகும் தடத்தில் 4.8 மீட்டருக்கு மேற்பட்ட உயரம் பாலங்களிலும் சுரங்கங்களிலும் நுழையுமா? பெட்டிகளோடு முழு வரைபடத் தொகுதியும் பழுதுப் பதிவேடும் வருகின்றனவா? வரைபடம் இல்லாமல் வரும் பெட்டியில், சுவருக்குப் பின்னால் எந்த மின்கம்பி எங்கே போகிறது என்று தேடுவதிலேயே முதல் இரண்டு வருடம் போய்விடும். ஆகவே விலை பேசும்போதே அந்தக் காகிதங்களைக் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்