ரஜாயை மடித்து வைத்த கையோடு ஒரு நன்றி மடல்

நேற்று என் ரஜாயை, அதாவது பஞ்சு வைத்துத் தைத்த கனத்த போர்வையை, மொட்டை மாடி வெயிலில் போட்டு, உதறி, காய்ந்த வேப்பிலையை இடையில் தூவி மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். டெல்லியில் என் முதல் குளிர்காலம் முடிந்தது. எங்கள் முனிர்கா பக்கம் இலவ மரங்கள் இலையே இல்லாமல் சிவக்கச் சிவக்கப் பூத்து நிற்கின்றன, காலையில் பஸ்ஸுக்கு நடக்கும்போது தலையில் பொத்தென்று பூ விழுகிறது.

2024 அக்டோபர் கடைசியில் தஞ்சாவூரிலிருந்து வேலை மாற்றலில் வந்தபோது என்னிடம் ஒரே ஒரு ஸ்வெட்டர் இருந்தது, அதுவும் கொடைக்கானல் போவதற்காக எப்போதோ வாங்கியது. இந்தி அரைகுறை. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. இந்த நான்கரை மாதமும் என்னைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு நேரில் நன்றி சொன்னால் "அட, இதற்கெல்லாமா" என்று பேச்சை மாற்றிவிடுகிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன். யார் பெயரையும் போடவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

முதலில் கீழ் வீட்டு ஆன்ட்டி. நவம்பர் தொடக்கத்தில் ஓர் இரவு நான் விடாமல் தும்மியது மாடிப்படி வழியாக அவருக்குக் கேட்டிருக்கிறது. மறுநாள் காலை கதவைத் தட்டி உள்ளே வந்தவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நேராகப் போய்ப் படுக்கையைத் தொட்டுப் பார்த்தார், ஊரிலிருந்து கொண்டுவந்த என் போர்வையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார், "இது போதாது பேட்டா" என்றார், அன்று மாலையே பஞ்சு அடிக்கும் கடைக்கு அழைத்துப் போய்விட்டார். நம் ஊரில் மெத்தைக்கு இலவம்பஞ்சை நிறுத்து வாங்குவதுபோல இங்கே ரஜாய்க்குப் பருத்திப் பஞ்சை நிறுத்து, கண்ணெதிரே அடித்து, உறைக்குள் பரப்பி, நீள ஊசியால் தைத்துக் கொடுக்கிறார்கள். கடைக்காரர் 2 கிலோ போதும் என்றார். "தெற்கிலிருந்து வந்த பெண், இதுதான் முதல் குளிர்" என்று ஆன்ட்டி வாதாடி 3 கிலோ போட வைத்தார். ஜனவரி இரவுகளில் அந்த மூன்றாவது கிலோவை நினைக்காமல் நான் தூங்கியதில்லை.

இங்கே வீடுகளெல்லாம் கோடைக்காகக் கட்டியவை போலிருக்கிறது. சுவர் குளிர்கிறது, தரை குளிர்கிறது, வெளியே வெயிலில் நிற்பதைவிட வீட்டுக்குள்தான் நடுக்கம் அதிகம். காதையும் காலையும் மூடு, மற்றதெல்லாம் தானாகச் சரியாகும் என்று சொன்னதும் ஆன்ட்டிதான். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைய ஆரம்பித்துவிடும் என்பதால் என் பாட்டில் நவம்பரிலேயே கல்லாகிவிட்டது. அதைப் பார்த்துவிட்டு, பூண்டும் ஓமமும் போட்டுக் காய்ச்சிய கடுகெண்ணெயை ஒரு சின்னப் புட்டியில் ஊற்றிக் கொடுத்தார். உள்ளங்காலில் தேய்த்துக்கொண்டு சாக்ஸ் போட்டுப் படுத்தால் விடியும்வரை சூடு இருக்கும். அப்புறம் சாப்பாடு. முள்ளங்கி பராத்தா, வெந்தயக்கீரை பராத்தா, கடுகுக்கீரை மசியலும் மக்காச்சோள ரொட்டியும் மேலே ஒரு கட்டி வெண்ணெயும், கூடவே வெல்லம், சிவப்பு கேரட்டைப் பாலில் மணிக்கணக்காகக் கிளறிய அல்வா, எல்லாம் அந்த நீல நிற ஹாட்பேக்கில் படியேறி வந்துகொண்டே இருந்தன. வேலை முடிந்து இருட்டில் வீடு திரும்பும் நாட்களில் கதவோரம் அந்த நீலத்தைப் பார்த்தாலே பாதிக் களைப்பு போய்விடும்.

பக்கத்து பிளாக் மாமி இல்லாவிட்டால் இட்லியை நான் மறந்திருப்பேன். முதல் இரண்டு முறை அரைத்த மாவு அரைத்தபடியே கிடந்தது, துளியும் பொங்கவில்லை. 30 வருடமாக டெல்லியில் இருக்கும் மாமி போனில் கேட்டுவிட்டு நேரிலேயே வந்துவிட்டார். வெந்தயத்தைக் கூட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரை, கையாலேயே நன்றாகக் கலக்கு, பாத்திரத்தைப் பழைய சால்வையில் சுற்றி, வெந்நீர்ப் பையை ஒட்டி வைத்து, மேலே கம்பளியைப் போட்டு மூடு, ஒரு நாள் முழுக்கத் திறந்து பார்க்காதே. மூன்றாவது முறை மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு வந்தது. மார்கழியில் ஒரு விடியற்காலை, பனியில் எதிரே வருகிறவர் முகம் தெரியாத நேரத்தில், ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்கு என்னைக் கூட்டிப் போனார். திருப்பாவை காதில் விழுந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாமி அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி சூடான பொங்கலைக் கையில் வைத்தார்.

ஆபீஸ் நண்பர் ஒருவர் உண்டு, பீகார்க்காரர். நவம்பர் 18-ஆம் தேதி காற்றுத் தரக் குறியீடு 490-ஐத் தாண்டியது. 400-ஐத் தாண்டினாலே 'கடுமை' என்று கணக்கு. அன்று எனக்கு இருமல் நிற்கவில்லை, மூச்சு விசில் மாதிரி சத்தம் போட்டது. அவர்தான் டாக்டரிடம் அழைத்துப் போனார், நெபுலைசர் வைத்து முடியும்வரை வெளியே காத்திருந்தார், திரும்பும் வழியில் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். குளிரில் தரையை ஒட்டிய காற்று கனத்துப்போய் அங்கேயே கிடக்கும், அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல உட்கார்ந்துகொள்ளும், காற்றோட்டமும் இருக்காது, அதனால் வண்டிப் புகையும் வயல்களில் அறுவடைக்குப் பின் மிஞ்சும் தாளை எரிக்கும் புகையும் போக வழியில்லாமல் நாம் மூச்சுவிடும் உயரத்திலேயே தங்கிவிடும். ஆகவே காலையில் ஜன்னலைத் திறக்காதே, மதியம் ஒரு மணி நேரம் திற, துணி மாஸ்க் உதவாது, என்95 போடு. மறுநாள் என் மேஜைமேல் ஒரு டப்பா மாஸ்க் இருந்தது.

அந்த வாரம்தான் ஊருக்கே மாற்றல் கேட்டு ஒரு கடிதம் எழுதி வைத்தேன். அனுப்பவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டதில் டிசம்பர் வந்துவிட்டது. டிசம்பர் கடைசியில் கொட்டிய மழைக்கு, இங்கே டிசம்பரில் 101 ஆண்டுகளில் ஒரே நாளில் இவ்வளவு மழை பெய்ததில்லை என்றார்கள். அது ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் நான்கு பேர் என்னை ஹுமாயூன் சமாதிக்குப் பக்கத்தில் இருக்கும் சுந்தர் நர்சரிக்கு இழுத்துப் போனார்கள். புல்லில் பெட்ஷீட் விரித்து, வேர்க்கடலையும் கின்னூ ஆரஞ்சும் உரித்துப் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை பேசினோம். மூச்சை இழுத்தால் நெஞ்சு வரைக்கும் போனது. அந்த ஒரு பகலுக்கே தனியாக ஒரு மடல் எழுதலாம்.

ஈரம் காயாத என் சட்டைகளைக் கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தே காயவைத்துக் கொடுத்த பிரஸ்வாலா பையாவுக்கும், பனியில் நிறுத்தம் தெரியாமல் முழித்தபோது பெண்களுக்கான இலவச பிங்க் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து "நீங்கள் உட்காருங்கள், நான் சொல்கிறேன்" என்று சொல்லி, சொன்னபடியே இறக்கிவிட்ட கண்டக்டருக்கும் நன்றி.

கீழ் வீட்டு அங்கிளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இது அவர் எனக்குச் செய்த உதவி இல்லை, ஆனாலும் சொல்கிறேன். எங்கள் வாட்ச்மேன் இரவில் அங்கீட்டி என்கிற கரி அடுப்பைக் கேபினுக்குள் வைத்துக்கொண்டு கதவைச் சாத்துவதை அங்கிள் ஒருமுறை பார்த்துவிட்டார். மூடிய அறையில் கரி புகைந்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும், இந்தப் பக்கத்தில் குளிர்காலந்தோறும் அப்படிச் சாவுகள் செய்தியில் வரும். அங்கிள் திட்டவில்லை. தன் வீட்டு ஹீட்டரைக் கொண்டுவந்து கேபினில் வைத்து, வீட்டிலிருந்தே வயர் இழுத்துக் கொடுத்தார். அந்தக் கரண்ட் பில்லை இன்றுவரை அவர்தான் கட்டுகிறார்.

இனி அம்மா வந்த கதை. ஜனவரி இரண்டாவது வாரம் பொங்கலுக்காக அம்மா சென்னையிலிருந்து தனியாக ரயிலேறினார், இந்தி ஒரு வார்த்தை தெரியாது, சர்க்கரை வேறு. விடியற்காலை வர வேண்டிய வண்டி மூடுபனியில் மதுரா பக்கம் எங்கேயோ நின்றுவிட்டது. அம்மாவின் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. நானும் அந்த பீகார் நண்பரும் ஐந்து மணியிலிருந்து புதுடெல்லி ஸ்டேஷனில் நிற்கிறோம், அரை மணிக்கு ஒருமுறை அவர் செயலியைப் பார்க்கிறார், தாமதம் ஏறிக்கொண்டே போகிறது. எட்டு மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. "அக்கா, கவலைப்படாதீங்க. அம்மா என் எதிர் சீட்லதான் இருக்காங்க. பிரெட் சாப்பிட்டாங்க, மாத்திரையும் போட்டாச்சு." லீவு முடிந்து ஜம்முவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ராணுவ வீரர் அவர், வேலூர்ப் பக்கமாம். தன் போர்வையையும் அம்மா மேலேயே போட்டுவிட்டிருக்கிறார். பதினோரு மணிக்கு வண்டி வந்ததும் அம்மாவைக் கைபிடித்து இறக்கி, பைகளை என்னிடம் எண்ணிக் கொடுத்துவிட்டு, அடுத்த ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினார். பெயர் கேட்கக்கூடத் தோன்றவில்லை. அதன்பின் அந்த எண்ணுக்கு அழைத்தால் கிடைப்பதில்லை. தம்பி, இது எப்படியாவது உங்கள் கண்ணில் படட்டும். அன்று நீங்கள் வாங்கிக் கொடுத்த பிரெட்டை அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஜனவரி 13 இவர்களுக்கு லோஹ்ரி, நமக்குப் போகி. இரண்டுக்கும் தீ வேண்டும். முற்றத்தில் சின்னதாக ஒரு தீ மூட்டி, எள் ரேவடியும் பொரியும் வேர்க்கடலையும் போட்டுச் சுற்றி வந்தார்கள், அம்மா தன் பங்குக்கு என் பழைய கிழிந்த பாயின் ஒரு துண்டைப் போட்டுக் கும்பிட்டார். மறுநாள் சர்க்கரைப் பொங்கல் எல்லா வீட்டுக்கும் போனது. அதன்பிறகு அம்மாவும் ஆன்ட்டியும் தினமும் பதினொரு மணிக்கு மொட்டை மாடி வெயிலில் உட்கார்ந்து பட்டாணி உரிப்பார்கள். இவர் தமிழில் பேசுவார், அவர் பஞ்சாபியில் பதில் சொல்வார், மூன்று வாரமும் அப்படியே நடந்தது. அம்மா ஊருக்குக் கிளம்பிய அன்று இருவரும் அழுதார்கள்.

பிப்ரவரி தொடக்கத்தில் நண்பர்களோடு ராஜஸ்தான் பரத்பூர் போனோம், கேவலாதேவ் பறவைச் சரணாலயத்துக்கு. யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் டிசம்பர் 15 முதல் பிப்ரவரி 15 வரை கார்களுக்கு வேக வரம்பை 100-இலிருந்து 75 கிலோமீட்டராகக் குறைத்துவிடுகிறார்கள். அன்று அந்த 75-கூட அதிகம், பானெட்டுக்கு முன்னால் வெறும் வெள்ளை. ஓட்டிய தோழி ஒரு தாபாவில் வண்டியை ஓரங்கட்டி, பனி விலகாமல் நகரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஒன்பதரை வரை இஞ்சி டீயும் உருளைக்கிழங்கு பராத்தாவும். முனகியவர்களில் நானும் உண்டு, அதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன், எங்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தாயே, நன்றி. உள்ளே கார் விடமாட்டார்கள், சைக்கிள் ரிக்‌ஷாதான். ஓட்டிய பெரியவர் வரித்தலை வாத்துகளைக் காட்டி, "இமயமலையைத் தாண்டி வந்தவை, குளிருக்கு நம் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள்" என்றார். நான் அந்த வாத்துகளையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 17 காலை 5:36-க்கு நிலநடுக்கம். ரிக்டரில் 4 தான், ஆனால் மையம் எங்களுக்குப் பக்கத்திலேயே, தௌலா குவானில். அடியிலிருந்து இடி இடித்ததுபோல ஒரு சத்தம், கட்டில் ஆடியது, செருப்புகூட இல்லாமல் படியிறங்கி ஓடினேன். இருட்டில் மொத்த பிளாக்கும் கீழே நின்றது. அங்கிள் ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லி ஆளை எண்ணிக்கொண்டிருந்தார். ஆன்ட்டி தோளில் ஒரு சால்வை, கையில் இன்னொன்று. அந்த அவசரத்திலும் எனக்காக எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறார். போர்த்திவிட்டு என் கால்களைப் பார்த்தார், தன் கம்பளிச் செருப்பைக் கழற்றி என் பக்கம் தள்ளினார். வாட்ச்மேன் எல்லோருக்கும் டீ கொண்டுவந்தார். விடிந்ததும் மேலே போய் அந்த மாற்றல் கடிதத்தை அழித்துவிட்டேன்.

ஆன்ட்டி, இதை மாமி உங்களுக்கு இந்தியில் வாசித்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். உங்கள் நீல ஹாட்பேக் பத்து நாளாக என்னிடம்தான் இருக்கிறது. வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனமில்லை. இப்போது வெயில் ஏறிவிட்டதால் மாவு ஒரே இரவில் பொங்கிவிடுகிறது, ஞாயிற்றுக்கிழமை காலை இட்லியோடு வருகிறேன், அங்கிளையும் வாட்ச்மேன் பையாவையும் சாப்பிடாமல் இருக்கச் சொல்லுங்கள்.