டேபிள்டாப் சங்கம்: செயலாளரோட ஆண்டறிக்கை (பாஸ் ரூல் பத்தின விளக்கத்தோட)

டேபிளைச் சுத்தி உக்காந்து டைஸ் உருட்டி கதை விளையாடற நம்ம சங்கத்துக்காரங்க எல்லாருக்கும் வணக்கம். எல்லாருக்கும்னு சொல்றேன், ஆனா பொதுக்குழுவுக்கு வந்திருக்கறது கால்வாசிப் பேர்தான், மீதிப் பேர் குரூப்ல தம்ஸ் அப் போட்டுட்டு வீட்ல இருக்காங்க. அவங்களுக்காகத்தான் இதை டைப் பண்ணியும் போடறேன்.

போன வருஷ அறிக்கை வாசிச்சு ஏத்துக்கிட்டாச்சு. ஆயுத பூஜைக்கு டைஸ், மினியேச்சர், டிஎம் (கதையை நடத்தறவர்) முன்னாடி மறைப்பா வைக்கற ஸ்கிரீன் எல்லாத்துக்கும் பொட்டு வச்சு பொரி கடலை கொடுத்தோம். புதுப் பசங்களுக்கு கேரக்டர் ஷீட் எழுதற வகுப்பு நடந்துச்சு. மாடி ரூம் ஃபேன் ரிப்பேர் பண்ணியாச்சு.

இனி பாஸ் ரூல் விஷயம், பாஸ்னா கதையில வர்ற பெரிய வில்லன். இதைப் பத்தி என் முதுகுக்குப் பின்னாடி நிறைய பேசிட்டாங்க, அதனால நானே முழுசா சொல்லிடறேன்.

டிராகன் சண்டை அன்னைக்கு டிஎம் நான்தான். டிஅண்ட்டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) அஞ்சாவது எடிஷன், 2014 புக்கு, அடல்ட் ரெட் டிராகன், 256 ஹெச்பி, அதாவது அதோட உயிர். முதல் ரவுண்டுலயே நம்ம மேஜ் (மந்திரவாதி) தம்பி ஹோல்ட் மான்ஸ்டர்னு ஆளை அசையவிடாம பண்ற மந்திரம் போட்டாரு, டிசி 17, அதாவது தப்பிக்க டிராகன் 17 எடுக்கணும். தப்பிக்க உருட்டறதுக்குப் பேரு சேவ், டி20ல (20 பக்க டைஸ்) வர்றதோட டிராகனுக்கு விஸ்டம் சேவ் பிளஸ் 7, நான் எல்லார் கண்ணு முன்னாடியும் உருட்டினேன், ஃபெயில். டேபிளே எழுந்து நின்னு கத்துச்சு. அப்பதான் நான் "லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ், சேவ் ஜெயிச்சிடுச்சு"ன்னு சொன்னேன். தம்பி ஷீட்டை மடிச்சு வச்சுட்டு "முடிவு நீங்களே பண்றதா இருந்தா அப்புறம் எதுக்குண்ணே டைஸ உருட்டுனீங்க"ன்னு கேட்டாரு. அதுக்கப்புறம் அவரும் வரல, அவரோட வர்ற ரெண்டு பேரும் வரல. மூணு பேர் சந்தாவும் வரல.

புக்குல இருக்கறதைத்தான் நான் செஞ்சேன். ஒரு நாளைக்கு 3 தடவை, சேவ் ஃபெயில் ஆனாலும் ஜெயிச்சதா எடுத்துக்கலாம்னு தெளிவா போட்டிருக்கு. ஏன் போட்டிருக்கான்னா, அந்த சேவ்ல டிராகன் தோக்கறதுக்கு 45 சதவீதம் வாய்ப்பு. தோத்துச்சுன்னா அசைய முடியாது, பறந்துட்டு இருந்தா கீழ விழும், பக்கத்துல நின்னு அடிக்கற அடி பட்டா ஒவ்வொண்ணும் கிரிட்டிக்கல், டேமேஜ் டைஸ் ரெட்டிப்பு. பல வாரமா பயந்து பயந்து மலை ஏறி வந்த குகையில பாஸ் ஒரு மூச்சு நெருப்பு கூட விடாம சாகும், அதுக்கும் அப்புறம் என்னைத்தான் திட்டுவீங்க.

அதே மாதிரிதான் லெஜண்டரி ஆக்‌ஷனும். நம்மாளுங்க அஞ்சு பேரு, ஒரு ரவுண்டுல அஞ்சு டர்ன். பாஸுக்கு ஒரே டர்ன்னா அது சண்டையே இல்ல. அதனால அடுத்தவங்க டர்ன் முடியறப்போ வாலால ஒண்ணு அடிக்கறதுக்கு ரவுண்டுக்கு 3 ஆக்‌ஷன், குகைக்குள்ள இருந்தா இனிஷியேட்டிவ் 20ல (டர்ன் வரிசையில அந்த எண் வர்றப்போ) குகையே தாக்கற மாதிரி ஒரு லேர் ஆக்‌ஷன். பாஸோட சொந்த டர்னையும் சேத்துக் கூட்டிப் பாருங்க, இப்பதான் அதுவும் அஞ்சு. 2025ல வந்த புது மான்ஸ்டர் புக்குல லேர் ஆக்‌ஷனைத் தனியா வைக்காம, குகைக்குள்ள இருந்தா 4 ஆக்‌ஷன், 4 ரெசிஸ்டன்ஸ்னு மாத்திட்டாங்க, அதாவது எழுதினவங்களே குறைக்கல, ஏத்தியிருக்காங்க. இதையெல்லாம் தூக்கிட்டு ஹெச்பிய மட்டும் ஏத்துங்கன்னு ஒரு சீனியர் மெம்பர் சொன்னாரு. ஹெச்பி ஏத்தினா சண்டை நீளும், கஷ்டமாகாது, நாலாவது ரவுண்டுல பாதிப் பேர் ரீல்ஸ் பாத்துட்டு இருப்பாங்க.

இன்னொண்ணு, நம்ம பக்கமும் சும்மா இல்ல. டிவினேஷன் (வரப்போறதை முன்னாடியே பாக்கற) மேஜ் காலையிலயே ரெண்டு டி20 உருட்டி வச்சுக்கிட்டு, எதிராளி உருட்ட வேண்டிய இடத்துல தன்னோட 3ஐத் தூக்கி வைக்கறாரு. அப்ப யாரும் அநியாயம்னு சொல்லல, விசில் அடிச்சீங்க.

ஆனா தம்பி கேட்டதுல ஒரு நியாயம் இருக்கு, அதை நான் மறுக்கல. அவரோட அஞ்சாம் லெவல் ஸ்லாட் (மந்திரம் போடற வாய்ப்பு) போச்சு, டர்ன் போச்சு, மறுபடி அவர் முறை வர அரை மணி நேரம் ஆகும், பதிலுக்கு டேபிள்ல ஒண்ணுமே மாறல. பாஸ் கிட்ட பவர் இருக்கறது பிரச்சனை இல்ல, அது செலவாகறது ப்ளேயர் கண்ணுக்குத் தெரியாம இருக்கறதுதான் பிரச்சனை. பாத்ஃபைண்டர்ங்கற இன்னொரு கேமோட ரெண்டாவது எடிஷன்ல இன்கபாசிட்டேஷன்னு ஸ்பெல் மேலயே எழுதியிருப்பான், பெரிய லெவல் பாஸ் மேல போட்டா அதுக்கு ஒரு படி நல்ல ரிசல்ட்தான் வரும்னு போடறதுக்கு முன்னாடியே தெரியும். எனக்கு அந்த முறையே முழுசா பிடிக்கும்னு இல்ல, ஆனா நேர்மையா இருக்கு.

இதுக்காக கமிட்டி போட்டோம். கமிட்டி மெம்பர்ஸ் யாரும் வராததால ரூலை நானே எழுதினேன், இது சர்வாதிகாரம்னு குரூப்ல போட்டவரும் அந்தக் கமிட்டிலதான் இருந்தாரு. இப்ப பாஸுக்கு எத்தனை ரெசிஸ்டன்ஸோ அத்தனை புளியங்கொட்டை ஸ்கிரீனுக்கு வெளிய, எல்லாரும் பாக்கற மாதிரி இருக்கும். ஒண்ணு யூஸ் பண்ணா ஒண்ணு எடுக்கணும், அந்த ரவுண்டுல மிச்சம் இருக்கற லெஜண்டரி ஆக்‌ஷனும் பாஸ் கைவிட்டுப் போயிடும். ஸ்பெல் பிடிக்கலன்னாலும் ஒரு ரவுண்டு வால் அடி இல்லாம ஃபைட்டர் உள்ள போகலாம், கீழ விழுந்தவனை குணப்படுத்தற கிளெரிக் எழுப்பலாம். அப்புறம் சேவே இல்லாம ஆளைக் கொல்றது இருக்கு பாருங்க, லிச் (செத்தும் சாகாத மந்திரவாதி) போடற பவர் வேர்ட் கில் மாதிரி, 100 ஹெச்பியோ அதுக்குக் கீழயோ இருந்தா அப்படியே செத்துப் போறது, அந்த மாதிரி எதையும் ஊர்க்காரன் வாயிலயோ பழைய சுவடியிலயோ முன்னாடியே காட்டாம டிஎம் யூஸ் பண்ணக் கூடாது. இதுல எனக்கு சமரசம் கிடையாது.

அதே டிராகனை வேற குரூப்போட திரும்ப ஓட்டிப் பாத்தோம். ரெண்டு பேர் செத்தாங்க, மூணாவது கொட்டை போனதும் மேஜ் பாலிமார்ஃப் போட்டு டிராகனை ஆமையாக்கிட்டாரு, யாரும் கோவிச்சுக்கிட்டுப் போகல. கொட்டையைக் கொடுத்தது பொருளாளர் வீட்டு அம்மா, அவங்களுக்கு நன்றி.

கணக்கு. வரவு செலவு பொருளாளர் நோட்ல இருக்கு, யார் வேணும்னாலும் பாக்கலாம். வாடகை, டீ, மேப் பிரிண்ட் எல்லாம் போக கையில கொஞ்சம் இருக்கு, கொஞ்சம்னா நிஜமாவே கொஞ்சம்தான், நோட்டு வேற இப்ப அவர் தங்கச்சி வீட்ல மாட்டிக்கிச்சு. சந்தா பாக்கி வச்சவங்க பேரை வாசிக்க வேண்டாம்னு தலைவர் சொன்னதால வாசிக்கல. டிராகன் மூணு தடவைதான் தப்பிச்சுது, நம்ம மெம்பர்ஸ் சந்தா கேட்டா வருஷம் முழுக்க தப்பிக்கறாங்க, அவங்கதான் நியாயம் பத்தி ஜாஸ்தி பேசறாங்க.

ரூம் கொடுத்த ஓனர் ஐயாவுக்கும், ராத்திரி கடை சாத்தினப்புறமும் டீ கொடுத்த அண்ணனுக்கும், லேட்டா வந்தாலும் கதவைத் திறந்துவிட்ட நம்ம வீட்டுக்காரங்களுக்கும் சங்கம் சார்பா நன்றி.

அடுத்த வருஷம் லிச்தான் பாஸ், கதை ரெடியா இருக்கு, ஆனா மேஜ் இல்லாத பார்ட்டிய வச்சு லிச் ஓட்ட முடியாது. அந்தத் தம்பிய யாராவது பாத்தா சொல்லுங்க, அவரோட ஷீட் பத்திரமா ஃபைல்ல இருக்கு, கேரக்டர் சாகல. சந்தாவை அவசரப்படுத்த மாட்டேன், பாதி கொடுத்தா கூட வாடகைக்கு ஆகும். செயலாளர் பதவிக்கு வேற யாராவது ஆசைப்பட்டா சாவி என்கிட்டதான் இருக்கு, இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க, சொல்லலன்னா நானே தொடர்றதா எடுத்துக்கறேன்.

இப்படிக்கு,
செயலாளர்