நீ அனுப்பிய வரைபடம்

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். தண்டையார்பேட்டையில் நல்ல மழை. வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, கவலைப்படாதே.

நீ அனுப்பிய, மார்க்கேரியன் 231 என்ற விண்மீன் திரளின் ஒளி வரைபடத்தை ஜெராக்ஸ் கடையில் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து பீரோ கதவில் ஒட்டியிருக்கிறேன். அதைப் பார்த்த உன் சித்தப்பா, "இந்தக் கோட்டுக்கா இத்தனை வருஷப் படிப்பு?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. உட்காரவைத்து விளக்கினேன். நான் சொன்னது சரிதானா, பார்.

எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி வருகிறது என்று காட்டும் கோடு இது; நேராகப் போகும் அது ஓரிடத்தில் பள்ளமாக விழுகிறதே, விஷயமே அதில்தான் என்றேன். எண்ணூர்ப் பக்கம் புகைபோக்கிப் புகை சூரியனுக்குக் குறுக்கே வந்தால் வெளிச்சம் மங்கும். நடுவில் புகை இருப்பது அதிலேயே தெரிந்துவிடும். அப்படித்தான், அந்த விண்மீன் திரளின் மையத்திலிருந்து வரும் அகச்சிவப்பு ஒளியில், முன்னால் இருக்கும் ஹைட்ராக்சில் வாயு தனக்கான அலைநீளத்தை மட்டும் விழுங்கிவிடுகிறது. வாயு அசையாமல் இருந்தால் பள்ளம் அதற்குரிய இடத்திலேயே விழும். குறைந்த அலைநீளப் பக்கம் தள்ளி விழுந்திருப்பதால், வாயு நம்மை நோக்கி, அதாவது மையத்தை விட்டு வெளியே, ஓடி வருகிறது. எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு வேகம்: நொடிக்கு 1,000 கிலோமீட்டருக்கும் மேல். வலது பக்க மேடு, மையத்துக்கு அப்பால் விலகிப் போகும் வாயு விடும் ஒளி.

சித்தப்பா எழுந்து போய் அந்தப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

அப்புறம் மற்றதையும் சொன்னேன். நீ இருக்கும் நெதர்லாந்தும் அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து 1983இல் ஏவிய ஐராஸ் என்ற விண்வெளித் தொலைநோக்கிதான் அகச்சிவப்பில் பிரகாசிக்கும் இந்த வகைத் திரள்களைக் கூட்டமாகக் காட்டியது. உள்ளே பிறக்கும் விண்மீன்களின் ஒளியைத் தூசு வாங்கி அகச்சிவப்பாக விடுகிறது; சிலவற்றில் அது ஒரு லட்சம் கோடி சூரியன்களின் ஒளிக்குச் சமம். மார்க்கேரியனிலிருந்து மூலக்கூறு வாயு இப்படிப் பாய்வதை 2010இல் ஹெர்ஷல் தொலைநோக்கி காட்டியது. வருடத்துக்குப் பல நூறு சூரியன்களின் எடை வெளியே போகிறதாமே! விண்மீன் பிறப்பதற்கான மூலப்பொருளே அதுதானே, கண்ணு. திரளின் மையத்திலிருக்கும் கருந்துளை வளர்வதும் அதே வாயுவால்தான்; அதை அடித்துத் தள்ளுவதில் பெரும்பங்கும் அந்தக் கருந்துளைக்குத்தான். பெரிய திரள்கள் பல ஏன் புதிதாக விண்மீன் உண்டாக்காமல் நின்றுபோயின என்பதற்கு இதில் பதில் இருக்கிறது என்றால், இதைவிடப் பெரிய வேலை என்ன வேண்டும்? இதை மனதாரச் சொல்கிறேன்.

ஒரு கேள்வி. வேகம் போதாத வாயு திரும்ப உள்ளே விழும் என்று எழுதியிருந்தாய். அப்படி விழுந்தால் மறுபடி விண்மீன் பிறக்குமா, இல்லை கருந்துளை மறுபடி தள்ளிவிடுமா? ஞாயிற்றுக்கிழமை போனில் சித்தப்பாவும் இருப்பார். அவருக்கும் சேர்த்துச் சொல்.

அன்புடன்,
அப்பா