கதவு சாத்திய ஓர் அறை வேண்டும்

சிவகங்கை மாவட்ட மனநலத் திட்டத்தைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். மன அதிர்ச்சிக்குத் தரப்படும் இ.எம்.டி.ஆர். என்கிற கண்ணசைவுச் சிகிச்சை காரைக்குடி அரசு மருத்துவமனையில் வாரம் ஒரு நாளாவது கிடைக்க வழி செய்யுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

என் தம்பி பைக்கில் போகையில் லாரி மோதி விழுந்தவன். (அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.) எலும்பெல்லாம் கூடிவிட்டது. ஆனால் ஏர்ஹாரன் சத்தம் கேட்டால் வேர்த்துக் கொட்டும், வண்டியை ஓரங்கட்டி உட்கார்ந்துவிடுவான். ராத்திரித் தூக்கம் போச்சு. திருநீறு போட்டோம், வேப்பிலை அடித்தோம், கொப்புடையம்மனுக்கு நேர்ந்துகொண்டோம். அதைக் குறை சொல்ல மாட்டேன், அம்மாவுக்கு அதுதான் தெம்பு. கடைசியில் மதுரையில் ஒரு மனநல மருத்துவர்தான் இந்தச் சிகிச்சைக்கு அனுப்பினார்.

முதல் சில தடவை வெறும் பேச்சுதானாம். தூக்கம், குடும்பம், பதற்றம் ஏறினால் தன்னை எப்படி நிதானத்துக்குக் கொண்டுவருவது என்கிற பயிற்சி. அப்புறம்தான் விபத்தில் எந்தக் காட்சி ரொம்பப் படுத்துகிறது என்று கேட்டிருக்கிறார்கள். லாரி பம்பரில் கட்டியிருந்த எலுமிச்சம்பழமும் மிளகாயும் என்றிருக்கிறான். அதை நினைத்தால் வேதனை பத்துக்கு எவ்வளவு? ஒன்பது. அந்தக் காட்சியை மனதில் நிறுத்தியபடி, எதிரில் இருப்பவரின் இரண்டு விரல்கள் இடமும் வலமும் போய்வருவதைத் தலை அசையாமல் கண்ணால் தொடர வேண்டும். அரை நிமிடம் போல. நிறுத்தி, “இப்ப என்ன வருது?” என்பார்கள். சொன்னதும் மறுபடி விரல். விபத்து அவனுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. “பழம் தெரியுதுக்கா, ஆனா அது அன்னைக்கு நடந்ததுன்னு தெரியுது” என்கிறான். இப்போது பைக் ஓட்டுகிறான்.

இது நேற்று முளைத்த வித்தை அல்ல. அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷாபிரோ இதன் முதல் ஆய்வை வெளியிட்டது 1989இல். அதிர்ச்சிக்குப் பிந்தைய மனப்பாதிப்புக்கு இதையும் ஒரு சிகிச்சையாக உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தது. கண்ணசைவால்தான் குணமாகிறதா, நினைவைத் திறந்து எதிர்கொள்வதே போதுமா என்று நிபுணர்களிடையே வாதம் ஓயவில்லை. நடக்கட்டும். எனக்குக் கவலையெல்லாம், பரீட்சைப் பயத்திலிருந்து கடன் தொல்லை வரை எல்லாம் விரலசைவில் தீரும் என்று விளம்பரம் செய்பவர்களைப் பற்றித்தான். பயிற்சி இல்லாதவர் ஒருவரின் கெட்ட நினைவைக் கிளறிவிட்டால், பிறகு மூடுவது யார்?

அதனால்தான் அரசு மருத்துவமனை என்கிறேன். ஸ்கேன், மிஷின் எதுவும் தேவையில்லை. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் உளவியலாளர்களில் இரண்டு பேருக்கு முறையான பயிற்சி கொடுத்தால் போதும். மற்றபடி, ஒருவருக்கு ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம், கதவு சாத்திய ஓர் அறை. முதுகுக்குப் பின்னால் அடுத்த நோயாளி சீட்டோடு நிற்கும் ஓ.பி.யில் இதைச் செய்ய முடியாது.

ஆள் வருவார்களா என்று யோசிக்க வேண்டாம். 1942இல் போருக்குத் தப்பி பர்மாவிலிருந்து நடந்தே ஊர் வந்துசேர்ந்த ஐயாக்கள் இந்தப் பக்கம் இருந்தார்கள். ரங்கூன் வட்டிக்கடைக் கணக்கை வரி பிசகாமல் ஒப்பிப்பார்கள், நடந்து வந்த வழியைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார்கள். யாரும் கேட்டதுமில்லை. இப்போது அந்த இடத்தில் விபத்தில் பிழைத்தவர்களும், அடி வாங்கும் பெண்களும் இருக்கிறார்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் அரசு சிகிச்சையை இவர்களின் உரிமை என்கிறது. 14416க்கு அழைத்தால் டெலி மானஸ் என்கிற அரசு மனநலத் தொலைபேசி சேவையில் ஆறுதலாகப் பேசுகிறார்கள், சரி. அடுத்து எங்கே போவது என்று கேட்பவருக்குப் பஸ் தூரத்தில் ஓர் இடம் சொல்ல வேண்டாமா?

அறைதான் இல்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள். பூட்டிக்கிடக்கும் பெரிய வீடுகளுக்கு எங்கள் பக்கம் பஞ்சமில்லை. ஒன்றின் சாவியைக் கேட்டு வாங்கித் தர நாங்கள் நாலு பேர் தயார்.

இப்படிக்கு,
தேவகோட்டையிலிருந்து ஓர் அக்கா