வைக்கோல் சும்மா வராது: எரிபொருள் ஆலை கட்டப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மரக்கழிவு, வைக்கோல், சோளத்தட்டை இவற்றிலிருந்து எரிபொருள் எடுக்கத் திட்டம் போடுகிறவர்களுக்கும் அதற்குப் பணம் ஒதுக்குகிறவர்களுக்கும்,

வணக்கம். உங்கள் திட்ட அறிக்கைகளில் வைக்கோல் நாரைச் சர்க்கரையாக உடைக்கும் நொதி, அந்தச் சர்க்கரையை எத்தனாலாக்கும் ஈஸ்ட், வினையூக்கி பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. வைக்கோல் ஆலை வாசலுக்கு எப்படி வந்து சேரும் என்பது மட்டும் ஒரே பத்தியில் முடிந்துவிடுகிறது. என் சண்டை அந்தப் பத்தியோடுதான்.

வேதியியல் சுலபம் என்று சொல்ல வரவில்லை. மரத்துக்கு விறைப்பைக் கொடுக்கும் லிக்னின் சர்க்கரையாக மாறாது. சர்க்கரையாக உடைக்கக்கூடிய நார்ப்பொருளான செல்லுலோஸைப் பொத்திக்கொண்டிருக்கும் அதை நீராவியோ அமிலமோ கொண்டு இளக்கினால்தான் நொதிக்கு உள்ளே வழி கிடைக்கும். பிறகு வரும் ஐந்து கார்பன் சர்க்கரையைச் சாதாரண ஈஸ்ட் தொடாது. காற்றில்லாமல் 500 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடாக்கி எண்ணெய் எடுக்கலாம் என்றால், கிடைப்பது தண்ணீர் கலந்த, அமிலத்தன்மையுள்ள கறுப்பு எண்ணெய். டீசல் தரும் வெப்பத்தில் பாதியைத் தாண்டுவதே கஷ்டம். சரி, இவற்றுக்கெல்லாம் ஆய்வுக்கூடத்தில் விடை இருக்கிறது.

வயலிலிருந்து வாரும்போது கூடவே வரும் மண்ணுக்கும் கல்லுக்கும் என்ன விடை? ஆய்வுக்கூடத்துக்குப் போவது சுத்தமாக உலர்த்திப் பொடித்த மாதிரி. ஆலைக்கு வருவதோ ஒரு நாள் ஈரம், ஒரு நாள் சருகு, மணலில் இருக்கும் அதே சிலிக்கா நிறைந்த நெல் வைக்கோலாக இருந்தால் வெட்டும் கத்தியையே தேய்த்துவிடும். உள்ளே தள்ளும் திருகு அடைத்துக்கொண்டால் அதற்குப் பின்னால் இருக்கும் அத்தனை கோடி ரூபாய் இயந்திரமும் சும்மா நிற்கும். அறுவடை சில வாரங்கள்தான், ஆலையோ வருடம் முழுக்க ஓட வேண்டும், ஆக மலை மலையாக அடுக்கி வைக்க வேண்டும், ஈரத்தோடு அடுக்கிய கட்டு உள்ளுக்குள் புழுங்கித் தானாகவே தீப்பிடிக்கவும் கூடும்.

அமெரிக்கா 2007இல் சட்டமே போட்டது: 2022க்குள் வருடத்துக்கு 1,600 கோடி கேலன் (ஒரு கேலன் சுமார் 3.8 லிட்டர்) செல்லுலோஸ் எரிபொருள். 2010க்கான 10 கோடி கேலன் இலக்கையே 65 லட்சமாகக் குறைக்க வேண்டி வந்தது. மரச்செதிலை நம்பிய கியோர் நிறுவனம் 2014இல் திவாலானது. 2015இல் வேதிப்பொருள் நிறுவனமான டூபான்ட் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் திறந்த சோளத்தட்டை எத்தனால் ஆலை இரண்டே வருடத்தில் உற்பத்தியை நிறுத்தியது. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, ஆனால் எங்குமே பெரும் பணம் கொட்டப்பட்டுத்தான் இருந்தது.

அப்புறம், அந்தக் 'கழிவு' என்ற சொல். வைக்கோல் மாட்டுக்குத் தீவனம், மண்ணுக்கு உரம். நீங்கள் வாங்க வந்த மறுநாளே அதற்கு விலை முளைத்துவிடும், விலையே இல்லை என்று போட்ட உங்கள் கணக்கு அன்றோடு சரி. வயலில் எவ்வளவு விட்டுவைப்பது என்பதை விவசாயியிடம் கேட்டுவிட்டு மிச்சத்துக்கு மட்டும் ஆலை கட்டுங்கள். மரத்தூளும் கரும்புச் சக்கையும் ஏற்கனவே ஆலை முற்றத்தில் குவிந்துதான் கிடக்கின்றன. கொதிகலனுக்குப் போனது போக மீதி இருந்தால் அங்கிருந்து தொடங்கலாமே?

அடுத்த அறிக்கையில் நொதியைப் பற்றி ஒரு வரி போதும். வெட்டி, உலர்த்தி, உள்ளே தள்ளும் பகுதியை மட்டும் ஒரு முழு வருடம், மழைக்காலம் உட்பட, ஓட்டிப் பார்த்து, எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை மணி நேரம் அடைத்துக்கொண்டு நின்றது என்ற கணக்கைக் காட்டுங்கள்.